பட்டா யாரு பேர்ல?

தத்கல் டிக்கெட் எடுத்த கைங்க இது.

காலைல சரியா 10 மணிக்கு ஏ.சி. கோச்சுக்குத் திறக்கும்போது, மூச்சு விடாம கேப்ட்சா அடிச்சு, எக்மோர்லேர்ந்து தஞ்சாவூருக்கு நாலு பெர்த் புடிச்ச கை. அப்பேர்ப்பட்ட கைக்கு நேத்து மார்ச் 15, காலைல 7 மணிக்கு, சொந்த வீட்டு டைனிங் டேபிள்லயே அவமானம்.

விஷயம் இதுதான். யோசெமிட்டி பள்ளத்தாக்குல அப்பர் பைன்ஸ்னு ஒரு கேம்ப்கிரவுண்ட். இருநூத்துச் சொச்சம் இடம். ஒவ்வொரு மாசமும் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, அஞ்சு மாசம் தள்ளி வரைக்கும் ஒரு மாசத்து இடங்களை மொத்தமா திறந்து விடுவாங்க. மார்ச் 15ன்னா ஜூலை 15லேர்ந்து ஆகஸ்ட் 14 வரைக்கும். ரெண்டு லேப்டாப், ரெண்டு போன், ஒரு ஐபேட். ரங்கமணி (அதாங்க, என் வீட்டுக்காரர்) ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல பையன் கவுண்ட்டவுன்.

7:00:00. அமுக்கினேன்.

சக்கரம் சுத்துச்சு. சுத்தி நின்னப்போ ஒரு இடம் பாக்கியில்ல.

"அம்மா, இன்னும் 7:01 கூட ஆகல"ங்கிறான் பையன். (ரொம்ப முக்கியம்.)

யாரையும் குத்தம் சொல்லல. போட்டிருக்கறது இருநூறு எலை, பந்திக்கு வந்தது ஊரு மொத்தமும். யாரு பரிமாறினாலும் இதான் நடக்கும். ஆனா கடுப்பு கடுப்புதானே? அந்தக் கடுப்புலதான் போன வருஷத்துலேர்ந்து எழுதுறேன் எழுதுறேன்னு தள்ளிப்போட்ட ஆர்.வி. கதையை இன்னிக்கு எழுதிடறதுன்னு உக்காந்துட்டேன்.

ஊர்லேர்ந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வரி. ஆர்.வி.ன்னா ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வேன் மேல வச்ச மாதிரி. அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே. போன ஜூன்ல அப்பா அம்மா தஞ்சாவூர்லேர்ந்து வந்திருந்தாங்க. ரங்கமணிக்கு ஆசை பொங்கி 25 அடி வண்டி ஒண்ணை வாடகைக்கு எடுத்துட்டாரு. கிளாஸ் சி-ன்னு சொல்லுவாங்க, டிரைவர் தலைக்கு மேல பரண் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பரண் பையனுக்கு. பின் கட்டில் அப்பா அம்மாவுக்கு. சாப்பாட்டு மேஜையை மடக்கினா ஒரு படுக்கை வரும், அது எங்க ரெண்டு பேருக்கு. (என் முதுகு இன்னும் அதைப் பத்திப் பேசிக்கிட்டுதான் இருக்கு.)

ஃப்ரீமான்ட்லேர்ந்து கிளம்பி, யோசெமிட்டி வழியா டியோகா கணவாய் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, 395ஆம் ரோட்டுல தெக்கால லோன் பைன் வரைக்கும் போய், டெஹாச்சபி சுத்தி வீடு திரும்பறது. அஞ்சு ராத்திரி.

எங்க தங்கறது?

"போற வழில கிடைக்கும். ஆப் இருக்கு"ன்னாரு.

ஒண்ணு இல்ல, நாலு ஆப் வச்சிருந்தாரு. பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி, கூடார படம், நட்சத்திரம். போன் முழுக்க அம்மை போட்ட மாதிரி. அவருக்கு ஆப். எனக்கு ஆப்பு.

முதல் ஆப்பு மத்தியானமே வந்துச்சு. 120ஆம் ரோட்டுல மலை ஏறுற இடத்துல ரெண்டு பாதை பிரியும். ஒண்ணு சுத்து வழி, இன்னொண்ணு ஓல்ட் பிரீஸ்ட் கிரேடு, குறுக்கு வழி, செங்குத்து. போன்ல இருந்த அம்மணி குறுக்கு வழியைத்தான் காட்டுச்சு, நிமிஷம் மிச்சமாம். எங்களை மாதிரி பெரிய வண்டி அதுல போகவே கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. அப்பாதான் முதல்ல பாத்தாரு. "மாப்ள, போர்டை நம்புங்க, போனை நம்பாதீங்க."

இதை அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க. காருக்கு வழி சொல்ற மேப்புக்கு உங்க வண்டியோட உயரமும் தெரியாது, நீளமும் தெரியாது. எங்க வண்டி உயரம் 12 அடி கிட்ட. வாடகை வண்டியில கூரை இடிச்சா பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடையாது, ஒப்பந்தத்துல பொடி எழுத்துல இருக்கும். உயரத்தை ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிட்டேன். அடியிலயும் எழுதினேன், மீட்டர்லயும் எழுதினேன். அம்மா அதுக்குப் பக்கத்துல ஒரு பிள்ளையாரையும் ஒட்டிட்டாங்க.

டியோகா கணவாய் ஏறக்குறைய 10,000 அடி. அழகை வர்ணிக்கப் போறதில்ல, அதுக்கு வேற பதிவு. அங்க போன்ல சிக்னல் கிடையாதுங்கிறது மட்டும்தான் இந்தப் பதிவுக்கு வேணும். நாலு ஆப்பும் மௌன விரதம். சிக்னல் திரும்ப வந்தது லீ வைனிங்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம். ஆறரை.

அனுபவசாலிங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. கேம்ப்கிரவுண்ட் தேடறதுக்கு ஒரு வாரத்துல இதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஊருக்குள்ள தனியார் பார்க்: இடம் இல்ல. லீ வைனிங் ஓடையோரமா காட்டிலாகா கேம்ப்கிரவுண்டுங்க வரிசையா இருக்கு, முன்பதிவு இல்ல, முதல்ல வர்றவங்களுக்குத்தான். முதல்ல வந்தவங்க எல்லாம் வந்து, மீனும் புடிச்சு, அடுப்பும் பத்த வச்சிருந்தாங்க. உள்ள ஒத்தையடிப் பாதை மாதிரி ஒருவழி வட்டம். நுழைஞ்சா முழுசா சுத்திதான் வெளிய வரணும், 25 அடி வண்டியைத் திருப்ப முடியாது. ஒவ்வொரு கூடாரத்தையும் ஊர்வலம் மாதிரி மெதுவா கடந்தோம். ஒவ்வொருத்தரும் தட்டும் கையுமா நிமிர்ந்து பாத்தாங்க. அம்மா உற்சவ மூர்த்தி மாதிரி ஜன்னலோரம் உக்காந்து எல்லாருக்கும் கையாட்டிக்கிட்டே வந்தாங்க.

மூணு இடத்துல இந்த ஊர்வலம். இருட்டிருச்சு.

கடைசில 395ல தெக்கால போய், கிரெஸ்ட்வியூங்கிற இடத்துல ரோட்டோர ஓய்வு நிறுத்தத்துல வண்டியைப் போட்டோம். கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி இடத்துல 24 மணி நேரத்துக்கு 8 மணி நேரம் வரைக்கும் நிறுத்தலாம். கூடாரம் அடிக்கக் கூடாது. கண்ணசந்துட்டுக் கிளம்பணும், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் குளிர்சாதன லாரி, ராத்திரி முழுக்க உர்ர்ர்ர்ர். பத்து மணிக்கு அம்மா கிண்டின உப்புமா. யாரும் யாரோடயும் பேசல.

அப்பா மட்டும் ஜன்னல் வழியா இருட்டைப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "இவ்ளோ நெலம் சும்மா கெடக்கே. இதெல்லாம் யாரு பேர்லம்மா இருக்கு?"

"அப்பா, தூங்குங்கப்பா."

எங்கப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். முப்பத்தஞ்சு வருஷம் சங்கிலியும் கையுமா வயக்காட்டுல நடந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் அவர் கேக்குற முதல் கேள்வி இதுதான். கல்யாண மண்டபத்துல கேப்பாரு. ஆஸ்பத்திரில கேப்பாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ரங்கமணி வீட்டைப் பத்தியும் இதைத்தான் கேட்டாரு. எங்களுக்கெல்லாம் அது ஒரு வீட்டு ஜோக்.

காலைல பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல ஒரு பழைய டிரெய்லர். வெள்ளைத் தாடி, கூட ஒரு நொண்டி நாய். பேச்சுக் கொடுத்தாரு. ராத்திரி இங்கயா படுத்தீங்கன்னு கேட்டு, ரொம்ப மரியாதையா ஒரு நிமிஷம் சிரிச்சாரு. அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரங்களைக் காட்டினாரு. கிளாஸ் கிரீக். காட்டிலாகா கேம்ப்கிரவுண்ட். காசு கிடையாது, தண்ணியும் கிடையாது, முன்பதிவும் கிடையாது.

கூப்பிடு தூரத்துல.

அப்பா விடுவாரா? அதே கேள்வி. அரைகுறை இங்கிலீஷ்ல, "சார், ஹூஸ் லேண்ட்?"

தாடிக்காரர் முகம் மலர்ந்துருச்சு. அவர்கிட்ட இதுவரைக்கும் யாரும் சரியான கேள்வியே கேக்காத மாதிரி. உள்ள போய் ஒரு பெரிய மேப்பை எடுத்துட்டு வந்து வண்டி முன்பக்கத்துல விரிச்சாரு. பச்சை, மஞ்சள், வெள்ளைன்னு வண்ணம் வண்ணமா. ஒவ்வொரு கலரும் ஒரு சொந்தக்காரன்.

அங்கதாங்க எனக்குப் புத்தி வந்துச்சு. நான் இத்தனை நாளா "பக்கத்துல கேம்ப்கிரவுண்ட் எங்க இருக்கு"ன்னு தேடினேன். அப்படித் தேடினா விளம்பரம் கொடுக்கிறவங்களும், முன்பதிவுத் தளத்துல இருக்கிறவங்களும்தான் வருவாங்க. "இந்த நெலம் யாரு பேர்ல இருக்கு"ன்னு தேடினா மேப்பே வேற மாதிரி ஆயிடுது.

அப்பா அன்னிக்கே அதைத் தமிழ்ப்படுத்திட்டாரு. நேஷனல் பார்க்குன்னா கோயில் நெலம். எல்லாத்துக்கும் ரசீது, வரிசை, நடை சாத்துற நேரம். நேஷனல் ஃபாரஸ்ட்டுன்னா காட்டிலாகா, 19 கோடி ஏக்கருக்கு மேல வச்சிருக்காங்க, கேம்ப்கிரவுண்டும் இருக்கும், அதைத் தாண்டி மண்ரோட்டோரமா சும்மாவும் தங்கலாம். அப்புறம் பி.எல்.எம்., அதாவது நில மேலாண்மைத் துறை.

"அது என்னப்பா?"

"பொறம்போக்கு."

சொல்லிட்டு ஒரே சந்தோஷம். சட்டப்படி பாத்தா சரியான்னு வக்கீலுங்க சண்டை போட்டுக்கட்டும், எனக்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்கல. 24.5 கோடி ஏக்கர் பொறம்போக்கு. ஏழரை தமிழ்நாடு அதுக்குள்ள அடங்கும். பெரும்பாலும் மேற்கு மாநிலங்கள்ல. வேற மாதிரி போர்டு இல்லாத இடத்துல, பொதுவா 28 நாளைக்கு 14 நாள் வரைக்கும் காசில்லாம தங்கலாம். கக்கூஸ், தண்ணி, குப்பைத்தொட்டி எதுவும் இருக்காது. ஏற்கனவே வண்டி நின்ன மண்ணுலதான் நிறுத்தணும், புல்லு மேல ஏத்தக் கூடாது. (கலிஃபோர்னியாவுல இந்த மாதிரி இடத்துல அடுப்பு பத்த வைக்கணும்னா கேம்ப்ஃபயர் பர்மிட் வேணும். இலவசம்தான், ஆன்லைன்ல கொஞ்ச நேரத்துல எடுத்துடலாம். கேஸ் அடுப்புக்கும் சேத்துதான்.)

அந்த சனிக்கிழமை கிளாஸ் கிரீக்லயே தங்கிட்டோம். காலைலங்கிறதால இடம் கிடைச்சுது. பக்கத்துல மேமத் லேக்ஸ் போய் வெல்கம் சென்டர்ல காட்டிலாகா வண்டிப்பாதை மேப் வாங்கினோம், அதுவும் இலவசம். எந்த மண்ரோட்டுல எந்த வண்டி போகலாம், எங்கெங்க ஓரமா ஒதுங்கித் தங்கலாம்னு கோடு போட்டு, புள்ளி வச்சுக் காட்டியிருக்கும். கறுப்பு வெள்ளை, அழகே கிடையாது. ரங்கமணி ஒரு தடவை பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டாரு. அப்பா அதை அப்படியே மடியில வச்சுக்கிட்டாரு. "எஃப்.எம்.பி. மாதிரியே இருக்கும்மா"ன்னு. சர்வேயருங்க வச்சிருக்கிற புலப்பட புஸ்தகம், அவங்களுக்கு அது பைபிள்.

இதுல ஒரு கிளைக்கதை, பொறுத்துக்குங்க. அந்த மேப் முழுக்க சதுரம் சதுரமா மங்கலா கோடு ஓடும். ஏன்னு தேடிப் பாத்தேன். 1785லயே சட்டம் போட்டு இந்த நாட்டை ஆறு மைல் சதுரமா வெட்ட ஆரம்பிச்சிருக்காங்க. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளயும் 36 கட்டம், ஒரு கட்டம் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர். அளந்தது எதால? 66 அடி சங்கிலியால. 80 சங்கிலி ஒரு மைல். இதை வாசிச்சுக் காட்டினதும் அப்பா எழுந்து உக்காந்துட்டாரு. நம்மூர்ல சென்ட்டுக் கணக்கு வந்ததும் அதே 66 அடி கன்டர் சங்கிலிலேர்ந்துதான். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதுல நூத்துல ஒண்ணு ஒரு சென்ட். "அப்போ நான் இங்கயும் அளக்கலாம்"னாரு. அந்த ஒரு ராத்திரி மட்டும் அப்பாவுக்கு அமெரிக்கா அந்நியமா தெரியல.

சாயங்காலம் அம்மா சாம்பார் வச்சாங்க. அந்த இடம் 7,500 அடிக்கு மேல. தண்ணி 92 டிகிரிலயே கொதிச்சிடும், கொதிக்கிற தண்ணி பொங்கிப் பொங்கி ஊத்தும் ஆனா பருப்பு வேகாது. குக்கர் இல்லாம முடியாது. அந்தப் பைன் மரக் காட்டு அமைதில ஆறு விசில். அஞ்சாவது விசிலுக்கு பக்கத்து வண்டிக்காரர் டார்ச்சோட ஓடி வந்துட்டாரு, எங்களுது எதாவது வெடிக்கப் போகுதான்னு. அவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பினோம். (அம்மா நெத்திலிக் கருவாடும் எடுத்து வச்சிருந்தாங்க. கரடி நடமாட்டம் பத்தின போர்டைப் படிச்சுக் காட்டினதும் டப்பாவை மூணு கவர்ல சுத்தி ஃபிரிட்ஜுக்குள்ள சிறை வச்சோம்.)

எல்லா ராத்திரியும் இலவசமா ஓட்டிடலாமேன்னு பேராசை வரும். முடியாது. தொட்டின்னு ஒண்ணு இருக்கே.

குளிச்ச தண்ணிக்கு ஒரு தொட்டி, கக்கூஸுக்கு ஒரு தொட்டி. அஞ்சு பேரு இருந்தா மூணாவது நாள் விளக்கு சிவப்பா எரிய ஆரம்பிச்சிடும். அதைக் காலி பண்ற இடத்தை டம்ப் ஸ்டேஷன்ம்பாங்க. ரப்பர் குழாயை மாட்டி, மதகைத் திறந்து, மூச்சைப் புடிச்சுக்கணும். அந்த வேலை ரங்கமணிக்கு. "ஐ.டி.ல இருபது வருஷம்..."னு ஆரம்பிச்சாரு, முடிக்கல. ஆக, ரெண்டு ராத்திரி காட்டுல, ஒரு ராத்திரி கரண்ட், தண்ணி, சாக்கடை மூணும் இருக்கிற ஃபுல் ஹூக்கப் இடத்துலன்னு ஒரு தாளக்கட்டு தானா அமைஞ்சிடும்.

மூணாவது ராத்திரி பிஷப் ஊர்ல தனியார் பார்க். 30 ஆம்ப் கரண்ட். 120 வோல்ட்டால பெருக்கினா 3,600 வாட். அம்மாவுக்கு ஏ.சி. வேணும், பையனுக்கு மைக்ரோவேவ்ல பாப்கார்ன், நான் இன்ஸ்டன்ட் பாட்ல சாதம். டப். மொத்த வண்டியும் இருட்டு. நம்ம ஆளுங்க ஆர்.வி. எடுத்தா 50 ஆம்ப் இடமா பாத்து எடுங்கன்னு சொல்ல வந்தேன், ஆனா எங்களுது மாதிரி சின்ன வண்டிக்கு 30 ஆம்ப் வயர்தான் இருக்கும். அதனால பாப்கார்னா சாதமான்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

தனியார் பார்க்ல மஞ்சள் போர்டு கே.ஓ.ஏ. எல்லாருக்கும் தெரியும். 1962ல மான்டானாவுல பில்லிங்ஸ்ல ஆரம்பிச்சது, அந்த வருஷம் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போற கூட்டத்துக்கு ஆத்தோரமா இடம் கொடுத்ததுலேர்ந்து. இங்கிலீஷ்ல கேம்ப்கிரவுண்டுக்கு வேணும்னே தப்பான எழுத்துப் போட்டுப் பேரு வச்சிருப்பாங்க. (தமிழ்ல எழுதினா அந்த ஜோக்கே காணாமப் போயிடுது பாருங்க. நம்ம க எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.) அது இல்லாத ஊர்ல நான் இப்போ முதல்ல தேடறது ஃபேர்கிரவுண்ட்ஸ். வருஷத்துக்கு ஒரு தடவை மாட்டுச்சந்தை, பொருட்காட்சி நடக்கிற மைதானம். மத்த நாள்ல காலியாத்தான் இருக்கும், நிறைய இடத்துல கரண்ட் தண்ணியோட ஆர்.வி.க்கு விடுவாங்க. பிஷப்லயே இருக்கு. எனக்கு அது தெரிஞ்சது தனியார்காரருக்குக் காசைக் கட்டி முடிச்ச பிறகு.

போன் போட்டு இடம் கேக்கும்போது சில பார்க்ல ரெண்டு கேள்வி கேப்பாங்க. வண்டிக்கு வயசு பத்துக்குள்ளயா? உங்களுக்கு வயசு 55க்கு மேலயா? நிஜமாவே. வண்டி பழசா இருக்கக் கூடாது, ஆளு புதுசா இருக்கக் கூடாது. அப்பா அதைக் கேட்டுட்டு, "வண்டியும் நானும் பாஸ். நீங்கள்லாம் எங்க படுப்பீங்க?"ன்னாரு.

பிஷப்லேர்ந்து லோன் பைன் போற வழில ரங்கமணி ஆப் ஒண்ணு மறுபடி உயிர் வந்து, ஓவன்ஸ் ஆத்தோரமா ஒரு பச்சைப் புள்ளி காட்டுச்சு. இலவசம்னு போட்டிருந்துச்சு. போய்ப் பாத்தா நிஜமாவே சொர்க்கம். தண்ணி, நிழல், ஒரு ஈ காக்கா இல்ல. ரங்கமணி நாற்காலியை எடுக்கவே ஆரம்பிச்சுட்டாரு.

"பட்டா யாரு பேர்ல?"ன்னாரு அப்பா.

பாத்தோம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து பேர்ல.

நிஜங்க. இருநூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு, இந்தப் பள்ளத்தாக்குல லட்சக்கணக்கான ஏக்கர் சொந்தம். 1913ல இங்கேர்ந்து கால்வாய் வெட்டித் தண்ணி கொண்டு போனாங்க. பகல்ல மீன் புடிக்கலாம், நடக்கலாம், ராத்திரி தங்கக் கூடாது. தங்கியிருந்தா நடுராத்திரி யாராவது கதவைத் தட்டியிருப்பாங்க.

அப்பா காவிரி டெல்டாக்காரர். கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாரு.

"ஆத்தையே வாங்கிட்டாங்களாம்மா?"

"நெலத்தை வாங்கினாங்கப்பா. தண்ணி கூடவே போயிருச்சு."

அதுக்கப்புறம் லோன் பைன் வர்ற வரைக்கும் அவர் பேசல. நாற்காலியை ரங்கமணி சத்தமில்லாம உள்ள வச்சிட்டாரு.

லோன் பைன்ல அலபாமா ஹில்ஸ்னு உருண்டை உருண்டையா பாறை. அதுக்குப் பின்னாடி விட்னி சிகரம், 14,505 அடி, அலாஸ்காவை விட்டுட்டா நாட்டுலயே உயரம். இந்தப் பாறைங்களும் பொறம்போக்குதான், ஆனா கூட்டம் தாங்காம இப்போ குறிச்ச இடத்துல மட்டும்தான் தங்கலாம், இலவச அனுமதிச் சீட்டு எடுக்கணும். நாங்க உள்ள தங்கல. எங்க வாடகை ஒப்பந்தத்துல மண்ரோடு கூடாதுன்னு இருந்துச்சு. (சில கம்பெனில கோடைல டெத் வேலிக்கும் கூடாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க. நான் படிச்சது கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்.) பக்கத்துலயே டட்டில் கிரீக், பி.எல்.எம். நடத்துற கேம்ப்கிரவுண்ட். திங்கக்கிழமை மத்தியானம். பாதிக்கு மேல காலி! எந்த இடத்துல நின்னாலும் மலை. நாங்க மூணு தடவை இடம் மாத்தி மாத்தி நிறுத்தினோம், இருக்கிற திமிருல.

காசு கட்டற விதம் பழைய காலம். வாசல்ல ஒரு இரும்புக் குழாய் நட்டிருப்பாங்க, மேல ஒரு கீறல். கவர் எடுத்து, வண்டி நம்பர் எழுதி, பணத்தை உள்ள வச்சு, ஓரத்தைக் கிழிச்சு வச்சுக்கிட்டுக் கவரை உள்ள தள்ளணும். அதுக்குப் பேரே இரும்பு ரேஞ்சர். சில்லறை நோட்டு வேணும், மீதி தராது. அம்மா போட்டுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, உண்டியல் பழக்கம்.

அங்க இருந்த கேம்ப் ஹோஸ்ட் தம்பதி ஓய்வு பெற்றவங்க. இந்த வேலைல இருக்கிறவங்க நிறைய பேரு இப்படித்தான், தங்க இடம் இலவசம், பதிலுக்கு முகாமைப் பாத்துக்கறது. முதல் நாள் ஊர்வலக் கதையைச் சொன்னேன். அந்தம்மா சொன்னது: முன்பதிவு இல்லாத இடத்துக்கு ஞாயித்துக்கிழமைலேர்ந்து வியாழக்கிழமைக்குள்ள வாங்க, காலைல பத்துலேர்ந்து பன்னண்டுக்குள்ள வாங்க, முதல் ஆளு காலி பண்றப்போ அங்க நில்லுங்க. முன்பதிவு இருக்கிற இடம்னா, போகற தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி மறுபடி பாருங்க, திட்டம் மாறினவங்க அப்பதான் கான்சல் பண்ணுவாங்க. ரெக்ரியேஷன் டாட் கவ்ல இடம் விழுந்தா தகவல் அனுப்பச் சொல்லியும் வைக்கலாம். இதுல எதுவும் ரகசியம் இல்ல. ஆனா எந்தப் பச்சைப் புள்ளியும் எனக்கு இதைச் சொல்லல.

இன்னொரு விஷயம். 1939ல கங்கா தின்னு ஒரு ஹாலிவுட் படம். கதை நடக்கிறது பிரிட்டிஷ் இந்தியாவோட வடமேற்கு எல்லை. எடுத்தது? இந்த அலபாமா ஹில்ஸ்ல. எங்கம்மாவுக்கு அது போதும். "அப்போ இது நம்ம நெலம்தான்"னு அப்பாகிட்ட சொல்லிட்டுப் படுத்துட்டாங்க.

கடைசி ராத்திரி மட்டும் சொல்லிடறேன். டெஹாச்சபி பக்கம் ஒரு தனியார் பார்க், பேரு வேணாம். படத்துல பெரிய மரம். விமரிசனத்துல ஒருத்தர் "ரயில் பிரியர்களுக்கு ஏத்த இடம்"னு எழுதியிருந்தாரு. நான் எதாவது மியூசியம் இருக்கும்னு நினைச்சேன். மரம் இருந்துச்சு, ஆபீஸ் வாசல்ல, ஒண்ணே ஒண்ணு. ரயிலும் இருந்துச்சு. அந்த மலைப்பாதை 1876லேர்ந்து ஓடுது. அங்க ஒரு வளையம் இருக்கு, நீளமான சரக்கு ரயில்னா தன் வாலுக்கு மேலயே தான் ஏறிப் போகும். பகல்ல பாக்க அற்புதம். ராத்திரி ஒண்ணு, ஒண்ணே முக்கால், மூணு, மூணே கால். ஒவ்வொண்ணும் ஹாரன் அடிச்சுது. "இதுக்கு தஞ்சாவூர் ஜங்ஷன்லயே படுத்திருக்கலாம்"னாங்க அம்மா.

அதுலேர்ந்து விமரிசனத்தை நான் படிக்கிற விதமே மாறிடுச்சு. "ஹைவேக்கு ரொம்ப வசதி"ன்னா தலைமாட்டுல லாரி ஓடும். "நெருக்கமான, குடும்பப்பாங்கான சூழல்"னா பக்கத்து வண்டிக்காரர் குறட்டை உங்க கணக்குல வரும். "இயற்கையோட ஒன்றிய"ன்னா கக்கூஸ் கிடையாது. நட்சத்திரத்தை விடுங்க, மூணு நட்சத்திரம் கொடுத்தவன் என்ன எழுதியிருக்கான்னு பாருங்க. அஞ்சு கொடுத்தவன் ஓனரோட மச்சானா இருப்பான், ஒண்ணு கொடுத்தவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருப்பான்.

நேத்து அவமானத்துக்கு அப்புறம் ஊருக்கு வாட்ஸ்அப்ல பேசினேன். அப்பா எடுத்தாரு.

"கெடச்சுதாம்மா?"

"இல்லப்பா. ஒரு நிமிஷத்துல போயிருச்சு."

"கோயில் நெலத்துல எடம் இல்லன்னா என்ன. பக்கத்து சர்வே நம்பரைப் பாரு."

பாத்தேன். யோசெமிட்டிக்கு வடமேற்கே ஸ்டானிஸ்லாஸ், தெக்கே சியரா, கெழக்கே இன்யோ. சுத்தி காட்டிலாகா பச்சைதான். டைனிங் டேபிள்ல மேப்பை விரிச்சு, பறக்காம நாலு மூலையிலயும் ஊறுகாய் பாட்டிலை வச்சிருக்கேன். எதிர்ல ரங்கமணி புதுசா ஒரு ஆப் இறக்கிட்டு இருக்காரு.